சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் தனித்தனியாக எடுக்கும் மின்திறனை ஷன்ட் மின்தடை வைத்து வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். சுவர்ப் பிளக்கில் மாட்டும் மீட்டர், பவர் சப்ளையில் வீணாவதையும் சேர்த்துக் கணினி முழுவதற்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஒவ்வொரு பாகத்தையும் தனியே அறிய வேண்டுமானால், அதற்குச் செல்லும் 12 வோல்ட் கம்பியிலேயே ஷன்ட் எனப்படும் மிகச் சிறிய மின்தடையைத் தொடராக இணைத்து, அதில் விழும் மில்லிவோல்ட்டை அளந்து, அதை மின்தடையின் மதிப்பால் வகுத்து மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் மின்தடையின் மதிப்பு. கடைகளில் எளிதாகக் கிடைக்கும், மின்னோட்டம் அளக்கும் ஐஎன்ஏ219 சில்லுப் பலகைகளில் பெரும்பாலும் 0.1 ஓம் ஷன்ட் இருக்கும். அது 3.2 ஆம்பியர் வரைக்கும்தான், ஆகவே ஹார்ட் டிஸ்க்குக்கோ எஸ்எஸ்டிக்கோ போதும். 240 வாட் எடுக்கும் சிபியுவின் 20 ஆம்பியர் அதன் வழியே பாய்ந்தால் 2 வோல்ட் விழுந்து, 40 வாட் வெப்பமாகும். 12 வோல்ட்டில் சில சதவீத ஏற்ற இறக்கத்தைத்தான் கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதி பொறுத்துக்கொள்கிறது என்பதால் கணினியே நின்றுவிடக்கூடும். நான் 2 மில்லிஓம் பயன்படுத்துகிறேன். அதே 20 ஆம்பியருக்கு 40 மில்லிவோல்ட் மட்டுமே விழுகிறது, வெப்பம் 0.8 வாட். ஐஎன்ஏ226 சில்லு 2.5 மைக்ரோவோல்ட் படிகளில் அளப்பதால், 1.25 மில்லிஆம்பியர் மாற்றம்கூடத் தெரியும்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த இடத்தில்தான், நானும் தவறினேன். மில்லிவோல்ட்டை அளக்கும் சில்லுக்குச் செல்லும் அளவுக் கம்பிகளை ஷன்ட்டின் உடலிலிருந்து எடுக்காமல், வசதியாக இருந்தது என்று சற்றுத் தள்ளி, மின்சாரம் வரும் கம்பியிலிருந்து எடுத்துவிட்டேன். 18 கேஜ் செம்புக் கம்பி 5 சென்டிமீட்டருக்கே ஏறக்குறைய 1 மில்லிஓம் தடை தரும் என்பதால், என் கணக்கு உண்மையைப் போல் ஒன்றரை மடங்கு காட்டியது. 12 வோல்ட், 55 வாட் ஹாலோஜன் பல்பை இணைத்து, மல்டிமீட்டரையும் தொடராக வைத்து ஒப்பிட்டபோதுதான் அது புரிந்தது. ஒரு திருத்த எண்ணால் பெருக்கி இதைச் சரிசெய்ய முடியாது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். ஷன்ட்டை, வெப்பத்தால் தடை அதிகம் மாறாத மாங்கனின் போன்ற உலோகக் கலவையில் செய்வதே இதற்காகத்தான். ஆகவே அளவுக் கம்பிகள் இரண்டும், மின்னோட்டம் பாயும் இணைப்புகளிலிருந்து விலகி, ஷன்ட்டின் முனைகளையே நேராகத் தொட வேண்டும்.

ஷன்ட்டை நேர்முனைப் பக்கமே வையுங்கள். கணினியில் தரைக்கம்பிகள் எல்லாம் மதர்போர்டிலும் பெட்டியிலும் ஒன்றுசேர்வதால், எதிர்முனைப் பக்கம் வைத்தால் மின்னோட்டத்தின் ஒரு பகுதி வேறு வழியில் திரும்பிவிடும். சிபியுவுக்குச் செல்லும் 8 முனை இணைப்பில் நான்கு 12 வோல்ட் கம்பிகள் உண்டு. நான்கையும் சேர்த்தே ஷன்ட் வழியே விட வேண்டும். பவர் சப்ளையின் சொந்தக் கம்பியை வெட்டாமல், ஒரு நீட்டிப்புக் கம்பியை வாங்கி அதில் செய்வது நல்லது. அங்கே கிடைக்கும் அளவில் மதர்போர்டின் மின்னழுத்த மாற்றிச் சுற்றில் ஏற்படும் இழப்பும் அடங்கும்.

கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்தும் 75 வாட் வரை எடுக்கலாம். மேலே செருகும் கம்பியை மட்டும் அளந்தால் அந்தப் பங்கு கணக்கில் வராது. ஸ்லாட்டுக்கும் கார்டுக்கும் இடையில் ஒரு ரைசர் கம்பியை (ஸ்லாட்டின் நீட்டிப்பு) வைத்து, அதிலுள்ள 12 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களுக்குத் தனித்தனி ஷன்ட் போட வேண்டும்.

மின்னழுத்தத்தை 12 என்று வைத்துக்கொள்ளாமல், ஷன்ட்டுக்குப் பின்னால், பாகத்தின் பக்கம் அளந்து பெருக்குங்கள். மில்லிவினாடிக்கும் குறைவான திடீர் உச்சங்களைப் பிடிக்க ஆசிலோஸ்கோப் தேவைப்படும். அதன் தரைக் கவ்வியை மட்டும் ஷன்ட்டில் மாட்டிவிடாதீர்கள். அந்தக் கவ்வியும் பவர் சப்ளையின் எதிர்முனையும் எர்த்தில் இணைந்திருப்பதால், 12 வோல்ட் நேராகக் குறுக்குச் சுற்றாகும். இரண்டு புரோப்களை இரு முனைகளிலும் வைத்துக் கழிக்கலாம். ஆனால் 12 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டைக் கழித்து 40 மில்லிவோல்ட்டைத் தேடும்போது பிழை மிகும் என்பதால், இரு முனைகளின் வித்தியாசத்தை நேரடியாக அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.