ஹிகாரு நோ கோ கதையில் வரும் சாய் உண்மையில் வாழ்ந்தவரா? அதை வைத்து ஜப்பான் வரலாற்றைத் தெரிந்துகொள்ளலாமா?

அநேகமாக அந்த அனிமே தொடரின் 75 பகுதிகளையும் அடுத்தடுத்து பார்த்துவிட்டு, மே 5ஆம் தேதி சாய் மறைந்துபோகும் இடத்தில் மனசு கேட்காமல் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள். நானும் அந்த இரவு தூங்கவில்லை. (இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லிவிட்டேன் என்று பிறகு கோபப்பட வேண்டாம்.)

நேர் பதில்: சாய் வாழ்ந்தவர் இல்லை. யூமி ஹோத்தா எழுதி தகேஷி ஒபாதா வரைந்த மங்காவில் (ஜப்பானிய படக்கதை) பிறந்தவர். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹெயான் காலத்தில், பேரரசருக்கு கோ (கோடு போட்ட பலகையில் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம்) கற்றுக்கொடுத்தவர், ஏமாற்றி ஆடினார் என்ற பழி தாங்காமல் நீரில் மூழ்கி இறக்கிறார், ஆவியாக எடோ காலத்து டோரஜிரோவிடமும் பிறகு நம் காலத்துப் பையன் ஹிகாருவிடமும் வருகிறார். இதில் அந்த டோரஜிரோ மட்டும் நிஜம். பிற்காலத்தில் ஹோனின்போ ஷூசாகு என்று பெயர் பெற்றவர், 1829இல் பிறந்து 1862இல் இறந்தவர். எனக்கு வலிக்கிற இடமும் இதுதான்.

2020 ஊரடங்கில் அண்ணன் மகன் எங்கள் வீட்டில்தான் இருந்தான், அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். பார்த்து முடித்ததும் ஆட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, கடை எதுவும் திறக்கவில்லை. பழைய ப்ளைவுட் துண்டில் ஸ்கேல் வைத்து 19க்கு 19 கோடு போட்டோம். 361 புள்ளிகள். கறுப்புக்கு 181 புளியங்கொட்டை, வெள்ளைக்கு 180 மொச்சை. எண்ணிப் பொறுக்கவே ஒரு மத்தியானம் ஆனது. விதிகளைப் படித்துக்கொண்டு, பழைய ஆட்டங்களின் குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு காயாக வைத்துப் பழகினோம். கறுப்புக் காயை எடுக்கும்போதெல்லாம் அவன் "இப்ப சாய்" என்பான்.

அப்படி வைத்துப் பார்த்த ஒன்றுதான் 1846இல் ஒசாகாவில் நடந்த 'காது சிவந்த ஆட்டம்'. ஷூசாகுவுக்கு அப்போது 17 வயது, நான்காம் 'தான்' (கோவில் ஆட்டக்காரரின் தர வரிசையை அப்படித்தான் சொல்வார்கள், எண் கூடக்கூடத் தரம் உயரும்). எதிரே கோவுக்கென்றே இருந்த குடும்பங்களில் ஒன்றான இனோவேயின் தலைவர் கெனன் இன்செகி, எட்டாம் 'தான்'. தொடக்கத்திலேயே ஒரு மூலையில் கெனன் வைத்த பொறியில் பையன் சறுக்கிவிட்டான். அதற்குப் பிறகு நூறு காய்களுக்கு மேல் பின்தங்கியே ஆடிக்கொண்டு வந்து 127ஆவது காயை நடுப்பலகையில் வைக்கிறான். மேலே தன் இடத்தை விரிக்கிறது, வலப்பக்கம் வெள்ளையின் பலத்தை மழுக்குகிறது, கீழே தவிக்கும் தன் நான்கு காய்களுக்குக் கைகொடுக்கிறது, இடப்பக்கத்து வெள்ளைப் பகுதிக்கும் குறி வைக்கிறது. எல்லாம் ஒரே காய். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு மருத்துவர் இருந்தாராம். ஆட்டம் அவருக்கு அவ்வளவாகப் புரியாது, ஆனால் கெனனின் காது சிவந்ததைப் பார்த்து, இவர் ஆடிப்போய்விட்டார் என்று சொன்னாராம். 325 காய்கள் வரை போய் ஷூசாகு 2 புள்ளியில் ஜெயித்தார்.

அந்த 127ஆவது புளியங்கொட்டையை வைத்துவிட்டு அண்ணன் மகன் என்னைப் பார்த்து, "சித்தப்பா, சாய் இல்லாட்டி இவரால இதை வெச்சிருக்க முடியாதுல்ல?" என்றான். டேய், சாயே கிடையாது, இதை வைத்தது ஷூசாகுதான் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போல. முகம் சுருங்கி எழுந்து போனவன் நான்கு நாள் பலகைப் பக்கமே வரவில்லை.

நான் ஏன் அவ்வளவு சூடானேன் என்று பிறகுதான் யோசித்தேன். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 97 வாங்கியபோது, வாத்தியார் எல்லோர் முன்னாலும் "யாரைப் பார்த்து எழுதினே?" என்று கேட்டார். ஊருக்கு வெளியிலிருந்து சைக்கிளில் வருகிற பையன், பக்கத்தில் டவுன் பையன், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. பக்கத்தில் இருந்தவன் எடுத்தது 71. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனால் எழுத ஆரம்பித்தால் இது தானாக வந்துவிடுகிறது. முப்பது வருஷம் ஆகிவிட்டது, அந்த வாத்தியாரும் இப்போது இல்லை.

இப்போது கதையைப் பாருங்கள். டோரஜிரோ, செட்டோ உள்கடலில் இருக்கிற இன்னோஷிமா தீவில் ஒரு வியாபாரியின் மகன். மிஹாரா கோட்டைத் தலைவர் அவன் ஆட்டத்தைப் பார்த்து, 1837இல் எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) அனுப்பி வைத்தார். அங்கே கோ ஆடுவதற்கென்றே நான்கு குடும்பங்கள், ஹோனின்போ, யாசுயி, இனோவே, ஹயாஷி, ஷோகுன் (நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்) அரசின் மானியத்தில் இருந்தன. ஹோனின்போ என்பது கியோட்டோவில் ஜக்கோஜி கோயிலைச் சேர்ந்த துறவி சான்சா தங்கியிருந்த இடத்தின் பெயர். அடுத்தடுத்து அதிகாரத்தில் இருந்த நொபுநாகா, ஹிதெயோஷி, இயெயாசு மூன்று பேர் காலத்திலும் மதிப்போடு இருந்தவர் அவர். துறவிகள் வழி என்பதால் ரத்த வாரிசுதான் வர வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை, நன்றாக ஆடுகிற சீடனைத் தத்தெடுத்து வாரிசாக்குவார்கள். சாமுராய்களுக்குப் பிறப்பே எல்லாமாக இருந்த நாட்டில் ஒரு தீவுப் பையன் நுழையக் கிடைத்த கதவு அது. 1848இல் வாரிசு ஆனார். ஷோகுனின் கோட்டையில் வருடந்தோறும் நடக்கும் ஆட்டங்களில் ஆடிய 19இலும் ஜெயித்தார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. எடோவில் காலரா வந்தபோது ஹோனின்போ வீட்டில் படுத்தவர்களுக்குப் பணிவிடை செய்து, அதே நோயில் 33 வயதில் போய்விட்டார். குடும்பத் தலைவர் ஆகும் முன்பே.

இவ்வளவையும் செய்தது அவருக்குள் இருந்த தலைநகரத்துக்காரர், அதுவும் ஃபுஜிவாரா என்ற பெரிய வீட்டுப் பெயர்க்காரர் என்கிறது கதை. டோரஜிரோ நல்ல மனசோடு கையை மட்டும் கொடுத்தாராம். "யாரைப் பார்த்து எழுதினே" என்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நானும் ரசிகன்தான், முழுத் தொடரையும் மூன்று முறை பார்த்திருக்கிறேன். கதை எழுதியவர் ஷூசாகுவை அவமதிக்க நினைத்திருக்க மாட்டார். ஜப்பானில் எத்தனையோ பிள்ளைகள் கோ பக்கம் திரும்பியதும், உங்களையும் என்னையும் போன்றவர்கள் ஷூசாகு என்ற பெயரைக் கேள்விப்பட்டதும் அவரால்தான். நான் ஆட்டத்தில் பெரிய ஆளும் இல்லை, நன்றாக ஆடுகிறவர்கள் 127 பற்றி வேறு விதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ஹெயான் பகுதிக்கு வருகிறேன். அதில் அரசவை கோ என்றால் பேரரசர் முன்னால் இரண்டு ஆண்கள் மானத்துக்காக மோதுவது. நிஜத்தில் அது அரண்மனைப் பெண்களும் ஆசையாக ஆடிய பொழுதுபோக்கு. அரண்மனையில் இருந்த முராசாகி ஷிகிபு என்ற பெண் எழுதிய 'கெஞ்சி கதை' நாவலில் ஒரு கோடை இரவு, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பெண்கள் ஆடுவதைக் கதாநாயகன் கெஞ்சி ஒளிந்து நின்று பார்க்கிறான். ஆட்டம் முடிந்ததும் அதில் ஒருத்தி விரலை மடக்கி பத்து, இருபது, முப்பது என்று மளமளவென எண்ணுகிறாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல இருக்கிறது. அதே கதையில் இன்னோரிடத்தில் அக்காவும் தங்கையும் ஒரு செர்ரி மரத்தைப் பந்தயம் வைத்து ஆடுகிறார்கள். கன்ரென் என்ற துறவியைப் பற்றியும் ஒரு பழங்கதை உண்டு. அவர் பேரரசர் தாய்கோவிடம் தங்கத் தலையணையைப் பந்தயத்தில் ஜெயிப்பாராம், ஒவ்வொரு முறையும் பேரரசர் ஆள் விட்டு வழியிலேயே அதைப் பிடுங்கிக்கொள்வாராம். கடைசியில் கன்ரென் தங்க முலாம் பூசிய மரத் தலையணையைக் கிணற்றில் போட்டு அவர்களை ஏமாற்றிவிட்டு, அசலைக் கொண்டு கோயில் கட்டினாராம். சாயை விட இந்தக் கன்ரெனை எனக்குப் பிடிக்கும்.

அதனால் தாராளமாகப் பாருங்கள். பார்த்த பிறகு 1846 ஆட்டக் குறிப்பைத் தேடி எடுத்து, 127 வரைக்குமாவது உங்கள் கையால் வைத்துப் பாருங்கள். படிப்பதை விட அதுதான் மனதில் நிற்கும்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் சாயங்காலம் அவனே பலகையை எடுத்துத் துடைத்து வைத்தான். நான் எதுவும் கேட்கவில்லை, மொச்சைக் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். முதல் புளியங்கொட்டையை மூலைப் பக்கம் வைத்தபடி, என்னைப் பார்க்காமலே, "இப்ப டோரஜிரோ" என்றான்.