ரெப்போ வட்டி: ஓட்டு வாங்காத ஆறு பேரை யார் கேள்வி கேட்பது?

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை முடிவு செய்யும் நாணயக் கொள்கைக் குழுவின் ஆறு பேரும் மக்களிடம் ஓட்டு வாங்காதவர்கள், இவர்களை யார் கேள்வி கேட்பது என்று கோபமாக எழுதியிருந்தீர்கள். கேட்கலாம், சட்டத்தில் வழி இருக்கிறது. சராசரிப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்தைத் தாண்டினாலோ 2-க்குக் கீழே போனாலோ, ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்: ஏன் தவறியது, என்ன செய்யப்போகிறது, எப்போது சரியாகும்.

"பணவீக்க இலக்கையும் இவர்களே வைத்துக்கொள்கிறார்கள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழப்பம் அங்கேதான். 4 சதவீத இலக்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிவிப்பது மத்திய அரசு. அதை எட்டும் வட்டியை முடிவு செய்வது மட்டுமே நாணயக் கொள்கைக் குழுவின் வேலை. ஆறில் மூன்று பேர் அரசு நியமிக்கும் வெளியாட்கள். நான்காண்டுதான், மறுநியமனம் கிடையாது.

குழுவில் யார் எப்படி வாக்களித்தார் என்று நீங்களே சரிபார்க்க:

1. ரிசர்வ் வங்கித் தளத்தில் 2024 ஆகஸ்ட் கூட்டக் குறிப்பை எடுங்கள். கூட்டம் முடிந்த 14-ஆம் நாள் குறிப்பு வெளியாகும்.
2. வாக்குப் பட்டியலைப் பாருங்கள்: 4–2. அஷிமா கோயல், ஜெயந்த் வர்மா இருவரும் கால் சதவீதம் குறைக்கச் சொன்னார்கள்.
3. கீழே ஒவ்வொருவரும் பெயரோடு எழுதிய காரணத்தைப் படியுங்கள். அமைச்சரவைக் கூட்டத்தில் யார் எதிர்த்தார் என்று நமக்கு இப்படித் தெரியவருவதில்லை.

ஒரு எச்சரிக்கை: 2022-இல் முதல் மூன்று காலாண்டும் பணவீக்கம் 6-ஐத் தாண்டியது. நவம்பரில் காரணம் சொல்லும் அறிக்கை அரசுக்குப் போனது, ஆனால் மக்களுக்கு வெளியிடப்படவில்லை; வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. உங்கள் கோபம் நியாயமாகப் பாய வேண்டிய ஓட்டை இதுதான். உங்கள் எம்.பி.க்கு எழுதுவதென்றால் இதைக் கேட்டு எழுதுங்கள்.