3,400 கிலோமீட்டர் ஓடிய சூப்பர் கார்: டோக்கன் கொடுக்கும் முன்

கேள்வி: பெங்களூரு பதிவெண் கொண்ட 2020 மாடல் லம்போர்கினி ஹுராக்கான் எவோ ஸ்பைடர் விலைக்கு வந்திருக்கிறது. கூரை திறக்கும் மாடல், ஒரே உரிமையாளர், ஓடியது 3,400 கி.மீ. மட்டுமே, சேகரிப்பாளர்களுக்கு ஏற்றது என்று பழைய சொகுசு கார்களை விற்கும் டீலர் ஒருவர் வாட்ஸப்பில் விவரம் அனுப்பினார். விலை 3 கோடியே 40 லட்சம் ரூபாய். 15 லட்சம் டோக்கன் (முன்பணம்) கேட்கிறார். பின்வாங்கினால் அது திரும்ப வராதாம். 'உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு நல்ல விலை வந்தால் விற்கும் எண்ணமும் உண்டு. நான் சென்னையில் இருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: இதே வண்டி 30,000 கி.மீ. ஓடியிருந்தால் இந்த விலைக்குத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த 3,400 என்ற எண்ணுக்காகத்தான் கூடுதல் பணம் கொடுக்கப் போகிறீர்கள். நீங்கள் இணைத்து அனுப்பிய ஒப்பந்தத்தில் மாடல், நிறம், சேஸிஸ் எண், விலை எல்லாம் இருக்கின்றன. ஓடிய தூரம் மட்டும் எங்கும் இல்லை. அது ஏறாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

காரணம் இதுதான். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் உள்ள உறுதிமொழிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் உயிர்நாடியான உறுதிமொழி நிபந்தனை. அது பொய்த்தால் ஒப்பந்தத்தையே முறிக்கலாம். துணையாகச் சொல்லப்பட்ட உத்தரவாதம் பொய்த்தால் நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம். 13-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவை வாங்குபவர்கள் பலர் கவனிப்பதில்லை. பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டால் நிபந்தனை மீறலையும் உத்தரவாத மீறலாகத்தான் கருத முடியும் என்கிறது அது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் மட்டுமே விலக்கு. அதாவது, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மீட்டர் திருத்தப்பட்டது தெரிந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை தானாக வராது. அதை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். இப்படி ஒரு வாசகம் சேர்க்கச் சொல்லுங்கள்:

"இவ்வாகனம் ஒப்படைக்கும் நாளில் 3,400 கி.மீ.க்கு மேல் ஓடவில்லை என்பதும், ஓடோமீட்டரோ இன்ஸ்ட்ருமென்ட் கிளஸ்டரோ (ஓட்டுநர் முன் உள்ள மீட்டர் தொகுதி) மாற்றப்படவோ திருத்தப்படவோ இல்லை என்பதும் இவ்வொப்பந்தத்தின் நிபந்தனைகள். இவற்றில் எது பொய்யானாலும், வாகனத்தை ஏற்றுக்கொண்ட பின்னரும், தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வாங்குபவருக்கு வாகனத்தைத் திருப்பி ஒப்படைத்து முழு விலையையும், வரி, பதிவு, இன்சூரன்ஸ் செலவுகளையும் பெற உரிமையுண்டு."

டீலர் தன் தொழிலில் நேர்மையானவர் என்றால் இதில் கையெழுத்திடத் தயங்க மாட்டார். தயங்கினால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

'உள்ளது உள்ளபடி' என்ற வரி பல்லில்லாதது அல்ல. தரம் குறித்துச் சட்டம் தானாகச் சேர்க்கும் நிபந்தனைகளை ஒப்பந்தத்தின் மூலம் விலக்கலாம் என்று அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கியர்பாக்ஸ் கிளட்ச் தேய்ந்திருந்தது, கூரையின் ஹைட்ராலிக் பைப் கசிந்தது போன்ற புகார்களுக்கு அந்த வரி டீலருக்குக் கேடயமாகும். மோசடிக்கு ஆகாது: தெரிந்தே பொய் சொன்னால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19-ஆம் பிரிவுகளின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் 19-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தவறான தகவலாலோ, உண்மையை மறைத்த மௌனத்தாலோ ஏமாந்ததாகச் சொல்பவர், சாதாரண கவனம் செலுத்தியிருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால் ரத்து கேட்க முடியாது. ஆகவே பரிசோதனை என்பது மெக்கானிக் வேலை மட்டுமல்ல, உங்கள் வழக்கின் அஸ்திவாரமும் அதுதான்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து முழு சர்வீஸ் வரலாறு கேளுங்கள். உரிமையாளரின் கடிதம் இருந்தால் சுலபம். இத்தகைய வண்டிக்கு ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் நடந்திருக்க வேண்டும்; ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கி.மீ. இருக்கும். அந்த எண்கள் ஒரே சீராக ஏறுகின்றனவா என்று பாருங்கள். பிறகு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு, கிளஸ்டரில் மட்டுமல்லாமல் மற்ற கன்ட்ரோல் யூனிட்களில் (இன்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றை இயக்கும் சிறு கம்ப்யூட்டர்கள்) உள்ள கி.மீ.யையும் இன்ஜின் ஓடிய மணிநேரத்தையும் பதிவு இருக்கும் இடங்களில் எடுக்கச் சொல்லுங்கள். 3,400 கி.மீ.க்கு 110 மணிநேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 31 கி.மீ., நம்பலாம். 420 மணிநேரம் என்றால் சராசரி 8 கி.மீ.; விளக்கம் கேட்டே ஆக வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 4819 என்றால் 2019-ஆம் ஆண்டின் 48-ஆவது வாரம். இந்த வண்டியில் 1523 என்று இருந்தால் டயர் மாற்றப்பட்டிருக்கிறது. வயதானதால் மாற்றியிருக்கலாம், தேய்ந்து மாற்றியிருக்கலாம். பில் எங்கே என்று கேளுங்கள். ஸ்கேன் அறிக்கையை இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய விதிகளின்படி, பழைய வண்டி டீலர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29-சி மூலம் அரசு போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும். வண்டி வெளியே போன பயணங்களை எலக்ட்ரானிக் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எதற்குப் போனது, யார் ஓட்டியது, எத்தனை கி.மீ. எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். சான்றும் இல்லை, 29-சியும் இல்லை என்றால், அவர் வெறும் இடைத்தரகர், ஒப்பந்தத்தில் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளரே விற்பவராகக் கையெழுத்திட வேண்டும்.

டோக்கனை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. 'பரிசோதனை, வாகன ஆவணங்கள் இரண்டும் திருப்தியாக இருந்தால் மட்டுமே டோக்கன் விலையில் கழியும், இல்லாவிட்டால் 7 நாளில் திரும்ப வரும்' என்று எழுதுங்கள். எழுதாவிட்டாலும் 15 லட்சத்தையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ள முடியாது என்று வாதிடலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான ஈட்டுத்தொகையை மட்டுமே அனுமதிக்கிறது. ஆனால் அதை மீட்க நீங்கள்தான் கோர்ட் ஏற வேண்டியிருக்கும்.

இது முழு வண்டியாக இறக்குமதியாகும் கார். அசல் விற்பனை இன்வாய்ஸையும் சுங்கத்துறை பில் ஆஃப் என்ட்ரியையும் (இறக்குமதியின்போது தாக்கல் செய்த ஆவணம்) வாங்கி, அதிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 17 எழுத்துகளில் முதல் மூன்று, இந்த கம்பெனிக்கு இசட், எச், டபிள்யூ. போலி ஆவணங்களில் வந்த வண்டிகளைத் தேடி 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய சோதனையில், பின்னால் வாங்கியவர்களின் வாசலிலிருந்தும் வண்டிகள் போயின. இறக்குமதி செய்யாதவரிடம் சுங்கச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தீர்வை (சுங்க வரி) கேட்க முடியாது என்று 2024 டிசம்பரில் ஒரு போர்ஷே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதற்காக வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் இல்லாமல் போகவில்லை.

வாகனப் பதிவு விவரங்கள் உள்ள அரசின் வாகன் போர்ட்டலில் கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் வங்கியின் படிவம் 35 வந்து அது நீங்கும் வரை மீதிப் பணத்தை நிறுத்துங்கள். கர்நாடக ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். விற்பனையை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க, வேறு மாநிலம் என்பதால் விற்பவருக்கு 45 நாள், உங்களுக்கு 30 நாள் கெடு. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண்ணும் இங்கத்திய வரியும் கட்டாயம். அந்த வரித் தொகையை ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள்.

விற்கும் எண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மறுவிற்பனைக்காக வாங்குபவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் அல்ல. சொந்தமாக ஓட்டுவதே முதன்மை நோக்கம் என்றால் நுகர்வோர்தான். விலை 2 கோடிக்கு மேல் என்பதால் புகார் டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்குப் போகும், கெடு 2 ஆண்டு. முதலீடே நோக்கம் என்றால் உங்களுக்குச் சிவில் கோர்ட்தான். முழு விலையையும் திரும்பக் கேட்டு இங்கே வழக்குப் போட்டால் 3 சதவீத நீதிமன்றக் கட்டணமே 10 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆகும்.

ஒப்படைக்கும் நாளில் இன்சூரன்ஸை மறக்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களுக்கு மாறும். உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு மாறாது. பெயர் மாற்ற 14 நாள் அவகாசம் உண்டு என்றாலும், உங்கள் பெயரில் பாலிசி வந்த பிறகே சாவியை வாங்குங்கள். கூரையை மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். சுமார் 17 விநாடியில் முடிய வேண்டும். நடுவில் நின்றாலோ, பின்பக்க மூடியின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலோ, டெலிவரி குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே மீதித் தொகையை அனுப்புங்கள்.