சீன மருத்துவமனைகளில் நர்ஸுகளுக்கு ஏன் பண்பாட்டுப் பயிற்சி? எல்லாரும் சீனர்கள்தானே?

சீனர்கள்தான், ஆனால் அரசுக் கணக்கிலேயே 56 இனங்கள். அதோடு, நர்ஸும் நோயாளியும் பெரும்பான்மையான ஹான் இனமாகவே இருந்தாலும் இடையில் ஒரு மாமியார் நிற்பார்.

பிரசவ வார்டைப் பாருங்கள். 'சுவோ யுவெசி' என்றால் 'மாதம் உட்காருதல்'. பிள்ளை பெற்றவள் ஏறக்குறைய 30 நாள் வெளியே வராமல், காற்றுப் படாமல், பச்சைத் தண்ணீரைத் தொடாமல், தலைக்குக் குளிக்காமல் இருக்கணும். நம்ம ஊர்ப் பத்தியத்துக்குப் பங்காளி முறை. ஜூலை வெயிலில் ஜன்னலைச் சாத்தி, தடிப் போர்வை போர்த்தி வைத்தால் உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி உயிருக்கே ஆபத்தாகும். படுத்தே கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம்.

"இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று நர்ஸ் சொன்னால் மாமியார் தலையாட்டுவார். நர்ஸ் நகர்ந்ததும் ஜன்னல் மறுபடி சாத்தப்படும். அதனால் வெந்நீர், சூடான கஞ்சி, ஓய்வு எல்லாம் இருக்கட்டும், கெடுப்பதை மட்டும் மாற்றணும். ஏசி 26–28 டிகிரியில், காற்று நேரே மேலே படாமல். வெந்நீரில் தலைக்கு ஊற்றி, உடனே டிரையரில் உலர்த்துவது. தினமும் சில தடவை எழுந்து நடப்பது. இதை மாமியாரை உட்கார வைத்துச் சொல்லணும். மருமகளிடம் மட்டும் சொன்னது வீட்டில் நடக்காது.

புற்றுநோய் வார்டு இன்னும் சிக்கல். பல குடும்பங்கள் "அப்பாவிடம் சொல்லாதீங்க" என்பார்கள். 2021-இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத்தின் 1219-ஆம் பிரிவும், நோயாளியிடம் சொல்ல முடியாத, சொல்வது உகந்ததல்லாத நிலையில் நெருங்கிய உறவினரிடம் விளக்கி, தெளிவான சம்மதம் வாங்கச் சொல்கிறது. அதனால் நோயாளிக்கு எவ்வளவு தெரியும் என்பதை ஷிஃப்ட் மாறும்போதே கேட்டுக்கொள்ளணும். "எனக்கு என்ன நோய்?" என்று அவரே கேட்டால் பொய் சொல்லக்கூடாது, கீமோவில் முடி கொட்டினதும் குட்டு உடைந்துவிடும். "டாக்டர் என்ன சொன்னார்? உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டு, பதிலை டாக்டரிடம் கொண்டுபோகணும்.

எந்த வார்டிலும் நோயாளிகளிடம் "வேறு மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் "இல்லை" என்பார்கள். மூலிகையைப் பலர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. "வீட்டில் ஏதாவது காய்ச்சிக் குடிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு தான்ஷென் என்ற சீன மூலிகை வேர் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

ஹுய், உய்குர் முஸ்லிம்களுக்குச் சாப்பாட்டில் மட்டும் பன்றியைத் தவிர்த்தால் போதாது. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி மருந்தும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பதுதான். போடும் முன்பே சொல்லிவிடணும்.