அமெரிக்க வரியும் நம் இறால் குளமும்: கேள்வி பதில் (அக்டோபர் 2025)

வரி கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தானே? என் இறால் விலை ஏன் இறங்குகிறது? (வேதாரண்யம்)

கட்டுவது அவர்தான். ஆனால் சுமை உங்கள் தலையில்தான் விடிகிறது. 2025 ஆகஸ்ட் 7-ல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 25% வரி போட்டது, 27-ல் இன்னொரு 25%. மலிவாகக் கொண்டு குவிப்பதைத் தடுக்கும் பொருள் குவிப்புத் தடுப்பு வரி, அரசு மானியத்தை ஈடுகட்டும் மானிய எதிர் வரி இரண்டும் இறாலுக்கு ஏற்கெனவே உண்டு; அவற்றையும் சேர்த்தால் அப்போது 58% வந்துவிட்டது. நமக்குப் போட்டியாக இறால் விற்கும் ஈக்வடார் மீது அந்த ஆண்டு போட்ட புது வரி 15% மட்டுமே. இதைக் காட்டி அங்கே வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். இங்குள்ள ஏற்றுமதி கம்பெனி ஏஜென்டிடம் குறைக்கிறது, ஏஜென்ட் குளக்கரையில் கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) பார்த்துவிட்டு உங்களிடம் குறைக்கிறார். அதற்குக் கீழே குறைப்பதற்கு ஆள் இல்லை.

2023-24-ல் நாட்டின் கடல் உணவு ஏற்றுமதி சுமார் 60,500 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் மட்டும் 40,000 கோடிக்கு மேல். அதற்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. ஒரே சந்தையை நம்பி இவ்வளவு வளரவிட்டது கொள்கைத் தவறு என்பதே என் கருத்து.

வரி எப்போது குறையும்? (பலர்)

டெல்லியும் வாஷிங்டனும் பேசி முடிக்க வேண்டிய விஷயம். குறையும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். அடுத்த முறை குஞ்சு விடும்போது அடர்த்தியைக் குறையுங்கள்.

ஐரோப்பாவுக்கு, பிரிட்டனுக்கு அனுப்பலாமே? (சீர்காழி)

அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் இறாலுக்கு அங்கே சுங்க வரி இருக்காது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் நம் வளர்ப்பு இறால் சரக்கில் பாதியைத் துறைமுகத்திலேயே சோதிக்கிறது. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்துகளின் எச்சம் சிக்கினால் அந்தச் சரக்கு போச்சு.

நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடாதீர்கள். மருந்துக்கடையில் "குடலுக்கு நல்லது" என்று ஒரு வெள்ளை டப்பா தருவார்கள். மேலே பெயர் இருக்கும், உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் இருக்காது. வாங்காமல் திரும்பி வாருங்கள்.

குடல் வெள்ளையாகத் தெரிகிறது, என்ன மருந்து? (மரக்காணம்)

இந்தப் பகுதி வரி, கொள்கைக் கேள்விகளுக்கு. இறாலையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் வேண்டாம்.

இறால்காரருக்கு நிவாரணம் எதற்கு? உப்பேறிய என் நெல் வயலுக்கு யார் தருவார்? (தலைஞாயிறு)

இதற்கு மறுப்பும் ஆதரவுமாகக் கேள்விகளைவிட அதிகக் கடிதங்கள் வந்துவிட்டன. "நாங்களும் விவசாயிகள்தான்" என்கிறார் ஒருவர். சரி, விவசாயிதான். ஆனால் வயல்காரர் சொல்வது பொய்யில்லை. தஞ்சைக் கடலோரத்தில் இறால் பண்ணைகளை எதிர்த்து நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்புறம் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. விளைநிலத்தைக் குளமாக்கக் கூடாது என்று அதன் வழிகாட்டு நெறியே சொல்கிறது. 2023 திருத்தத்தில், சட்டத்தை மீறுவோருக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக்கினார்கள்.

என் நிலைப்பாடு இதுதான்: நிவாரணம் அந்த ஆணையத்தில் பதிவு பெற்ற, கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிற பண்ணைக்கு மட்டும். நெல் வயலை வெட்டிய குளத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடாது. வயல்காரரும் பண்ணைக்காரரும் ஒரே வாய்க்காலில் வாழ வேண்டியவர்கள்.

கிசான் கடன் அட்டை எங்களுக்கு உண்டா? (பட்டுக்கோட்டை)

2018-19 முதல் மீன், இறால் வளர்ப்புக்கும் உண்டு. ஆணையப் பதிவுச் சான்றோடு வங்கிக்குப் போங்கள். பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய 50 கவுண்ட் விலை? (பலர்)

ஏஜென்ட் இரண்டு பேரிடமாவது கேளுங்கள்.