ஓட்டை ஸ்பீக்கரின் வம்சம்

கேள்வி: 2001 வாக்கில் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், ஸ்ட்ரோக்ஸ், ஹைவ்ஸ் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1960-களின் அமெரிக்க கராஜ் ராக்கை (வண்டிக் கொட்டகையில் பழகிய சின்னக் குழுக்களின் கரடுமுரடான ராக்) அப்படியே திரும்ப வாசித்ததற்கு இத்தனை புகழா? ஓட்டை ஸ்பீக்கர் சத்தத்தைத் தவிர இவர்களிடம் சொந்தச் சரக்கு என்ன இருக்கிறது?

பதில்: ஓட்டை ஸ்பீக்கரை இவ்வளவு அலட்சியமாகச் சொல்லிவிட்டீர்களே! 1958-இல் அமெரிக்க கிடார் கலைஞர் லிங்க் ரே தன் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையர்) ட்வீட்டர்களை, அதாவது கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்களை, பென்சிலால் குத்தி ஓட்டை போட்டு வாசித்தது ‘ரம்பிள்’. பாட்டு வரி ஒன்றுகூடக் கிடையாது, வெறும் கிடார். அதையும் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. கேட்டால் பிள்ளைகள் அடிதடியில் இறங்கிவிடுவார்களாம்! 1964-இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், எல்பிகோ என்ற சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறினார். கீறிய விளிம்புகள் ஒவ்வோர் அதிர்விலும் படபடத்து உரசும். ‘யூ ரியலி காட் மீ’யின் கரகரப்பு அதுதான். செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பழைய, மலிவான ஸ்பீக்கரில் இரண்டு மூன்று சின்னக் கீறலோடு நிறுத்துங்கள். நடுவிலுள்ள கம்பிச் சுருளையும் வெளி விளிம்பையும் தொடாதீர்கள். கீறல் நாளாக ஆக நீளும். இன்று கிடைக்கும் ஒலி அடுத்த மாதம் இருக்காது.

அதற்கும் முன்னால் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு கூத்து நடந்தது. 1961-இல் வெளிவந்த, கன்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்யும்போது மிக்ஸிங் கன்சோலில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் பழுதாக, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிடார் உறுமலாகப் பதிந்தது. அந்த உறுமல் வேண்டும் என்று மற்றவர்களும் கேட்கத் தொடங்கவே, ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி பழுதைப் போலவே ஒலிக்கும் ஒரு சர்க்யூட்டை உருவாக்கினார். 1962-இல் கிப்ஸன் கம்பெனி அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. எப்படி? கிடாரைப் பித்தளைக் குழல்கள் போலவும் செல்லோ போலவும் ஒலிக்கவைக்கும் பெட்டி என்று! கடைகளில் தேங்கிக் கிடந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், பிறகு குழல் வாத்தியங்கள் வாசிக்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாகத்தான் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வரியை அந்தப் பெட்டியில் வாசித்தார். குழல்கள் வரவே இல்லை. பாட்டு அப்படியே வெளியானது, பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை அசல் என்று பிடிப்பீர்கள்?

பெட்டி என்றதும், பழைய ஜெர்மேனிய ட்ரான்சிஸ்டர் போட்டால்தான் ஃபஸ் ஒலி வரும் என்று வாதிடும் ஜெர்மேனியம் கட்சிக்காரர்கள் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு என் பதில் மாறவில்லை. 1966-இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெட்டியில் இரண்டு ட்ரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு குமிழ், அவ்வளவுதான். பழைய பெயர் அச்சிட்ட ட்ரான்சிஸ்டருக்குக் கொட்டிக்கொடுக்காதீர்கள். ஏசி128 என்ற சாதாரண ஜெர்மேனிய ட்ரான்சிஸ்டரே போதும், ஆனால் அளந்து வாங்குங்கள். முதலாவதன் கெயின் (பெருக்கும் அளவு) 70 முதல் 80, இரண்டாவது 100 முதல் 130. சாதா மல்ட்டிமீட்டர் கசிவு மின்னோட்டத்தையும் கெயினோடு சேர்த்துக் காட்டி ஏமாற்றும். கசிவைக் கழிக்க வேண்டும். இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலில் 4.5 வோல்ட் அளவில் நிற்க வேண்டும், 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக திருகி மாற்றக்கூடிய ஒரு ட்ரிம்பாட் வைத்துச் சரிசெய்யலாம். ஜெர்மேனியத்தில் வெப்பம் 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏசி அறையில் சரிசெய்த பெட்டி சித்திரை வெயிலில் திறந்த மேடையில் திக்கித் திணறுவது அதனால்தான். பிஎன்பி வகை ட்ரான்சிஸ்டர் போட்ட பெட்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு (காலால் அழுத்தி இயக்கும் ஒலிப் பெட்டிகள்) ஒரே அடாப்டரில் இணைத்தால் ஷார்ட் ஆகும். தனி 9 வோல்ட் பேட்டரி வையுங்கள். கிடாரிலிருந்து முதலில் இந்தப் பெட்டிக்குத்தான் கம்பி வர வேண்டும். நடுவில் பஃபர் (சிக்னலுக்கு வலுவூட்டும் சர்க்யூட்) உள்ள பெடல் புகுந்தால் ஒலி கீச்சிடும், கிடாரின் வால்யூமைக் குறைத்துச் சுத்தமான ஒலி எடுக்கும் வசதியும் போய்விடும்.

சரி, உங்கள் கேள்வி. கராஜ் ராக் பிறந்ததே நகலெடுக்கும்போதுதான். 1963-இல் ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் கிங்ஸ்மென் பதிவு செய்த ‘லூயி லூயி’ ரிச்சர்ட் பெரியின் பாட்டு. அதன் தாளக்கட்டை அவரே ரெனே டூசேயின் கியூப நடன இசையிலிருந்து எடுத்தார். 1-2-3-4, 1-2 என்று போக வேண்டியதை கிங்ஸ்மென்னின் ஜாக் ஈலி 1-2-3, 1-2 என்று தவறாக நினைவில் வைத்துக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். உலகம் முழுக்கப் பரவியது அந்தத் தவறுதான். நடுவில் வரும் கிடார் சோலோ முடிந்ததும் ஈலி முன்கூட்டியே பாடத் தொடங்கிச் சட்டென்று நிறுத்துவார். பிறகு வந்த குழுக்கள் அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்து வாசித்தன. காதால் கேட்டு, அரைகுறையாகப் பிடித்து, கையில் இருக்கும் கருவியில் வாசிக்கும்போது புதிதாக ஏதோ நுழைந்துவிடுகிறது.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் ‘எலிஃபன்ட்’ ஆல்பத்தை லண்டனின் டோ ராக் ஸ்டுடியோவில், பழங்காலக் கருவிகளோடு, 8 ட்ராக் டேப்பில், கம்ப்யூட்டர் இல்லாமல் பதிவு செய்தார்கள். அவர்கள் அதோடு நின்றிருந்தால் உங்கள் குற்றச்சாட்டு செல்லும். ஆனால் அதன் முதல் பாட்டில் பேஸ் கிடார் என்று எல்லாரும் நம்பும் அந்த வரி, ‘கே’ கம்பெனியின் பழைய கிடார் ஒன்றை டிஜிடெக் வாமி என்ற டிஜிட்டல் பெடலில் ஒரு ஸ்தாயி கீழே இறக்கியது! பேஸ் வாசிக்க ஆள் இல்லாத இருவர் குழுவின் தேவை அது. 1965-இன் எந்த கராஜ் ரெக்கார்டிலும் அந்த ஒலி கிடையாது. ஸ்ட்ரோக்ஸின் ஜூலியன் காசாப்ளாங்கஸ் தன் குரலை ஒரு சின்ன பீவி பயிற்சி ஆம்ப்பில் விட்டுப் பதிவு செய்தார்; அதுவும் அறுபதுகளின் வழக்கமல்ல.

உங்கள் கோபத்துக்குத் தகுதியானவர்கள் வேறு ஆட்கள். டிக் டிக் என்று தாளம் காட்டும் கிளிக் ட்ராக்குக்கு வாசித்து, ஒவ்வோர் அடியையும் கம்ப்யூட்டரில் நேராக்கிவிட்டு, கடைசியில் ப்ளக்-இன் என்ற மென்பொருள் போட்டு டேப் இரைச்சலைத் தூவுகிறவர்கள். அமெரிக்காவின் டகோமாவைச் சேர்ந்த சோனிக்ஸ் குழுவினர் 1965-இல் ட்ரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக் வைத்தார்கள். ஒரே அறையில் எல்லாரும் உரக்க வாசித்தால் ட்ரம்ஸ் கிடார் மைக்கில் ஏறும். ஒருவர் தவறினால் அவரை மட்டும் திருத்த முடியாது, பாட்டை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்தப் பதிவின் வெறி அங்கிருந்து வருகிறது. அதைத் தூவ முடியாது.

ஹைவ்ஸ் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் வருகிறேன். ஸ்வீடனின் ஃபாகெர்ஸ்டாவிலிருந்து வந்த அவர்கள் மேடையில் அபாரம். ஆனால் கருப்பு வெள்ளை சூட்டைக் கழற்றிவிட்டுக் காதை மட்டும் வைத்துக் கேட்டால், ஒலியில் அவர்களுடையது என்று சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.