ஷவரில் சுடுதண்ணீர் மட்டும் மெதுவாக வருவது ஏன், எப்படிச் சரி செய்வது?

சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்சருக்கு வரும் இரண்டு குழாய்களிலும் தண்ணீர் ஒரே அழுத்தத்தில் வர வேண்டும். ஒன்று பலமாகவும் மற்றொன்று பலவீனமாகவும் இருந்தால் அதுதான் அழுத்த வேறுபாடு. சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வண்டிகள் நெருக்கியடித்துப் போகும்போது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஆட்டோ உள்ளே நுழைய முடியாமல் நிற்குமே, சுடுதண்ணீரின் நிலை அதுதான்.

மாடித் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் நேராக இறங்கிவிடுகிறது. சுடுதண்ணீரோ கீசர், ஒருவழி வால்வு, மெல்லிய இணைப்புக் குழாய் எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதைச் சூடாக்கினால் வெள்ளையாகப் படிந்து வழியை அடைக்கும்.

முதலில் சுடுதண்ணீரை மட்டும் திறந்து பாருங்கள். மெதுவாக வந்தால், கீசருக்குப் போகும் ஆங்கிள் காக் (சுவரில் இருக்கும் சின்னத் திருகு வால்வு) முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் கோளாறு இங்கேயேதான் இருக்கும். அப்புறம் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இணைப்புக் குழாயையும் வால்வையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு படிந்திருந்தால் கீசருக்குள்ளும் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்க் குழாயின் வால்வைக் கொஞ்சம் மூடி வைத்தால் சமாளிக்கலாம். இரண்டுமே மெதுவாக வந்தால் ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். தொட்டி உயரம் குறைவு என்றாலும் இப்படி ஆகும். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.1 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம்தான் கிடைக்கும்.

கீசரின் சூட்டைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் அதிகமாகாது, உப்புதான் இன்னும் சீக்கிரம் படியும்.